கீறல் விழாத கேமராக்கள்

தென்காசி, குற்றாலம் பக்கம் பழைய பிலிம் எஸ்.எல்.ஆர். கேமராக்களைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கும் அன்பர்களே, உங்களைப் பாராட்டி யாரும் எழுதி நான் படித்ததில்லை. பாராட்ட வேண்டியவை உங்களிடம் நிறைய இருக்கின்றன. ஒன்றையும் விடாமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் காவலைச் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே வந்துவிட்டால், குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை எங்கும் சாரல்தான். கொடியில் போட்ட துணி காயாது. அலமாரிக்குள் வைத்த செருப்பில்கூடப் பூசணம் பூக்கும். காற்றின் ஈரப்பதம் அறுபது விழுக்காட்டுக்கு மேல் போய் வாரக்கணக்கில் அங்கேயே நின்றால், லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கிறது. ஆரம்பத்தில் ஓரத்தில் ஒரு மெல்லிய இழை தெரியும். பிறகு அது கிளைவிட்டு நடுவுக்கு வரும். கடைசியில் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டிவைத்தவர்களின் கேமராக்கள்தான் முதலில் கெட்டன. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், இருட்டு பூஞ்சைக்கு வசதி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால் மின்சாரத்தில் ஓடும் உலர்பெட்டி வாங்கினீர்கள். முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே நிற்கிறதா என்று காலையும் மாலையும் பார்க்கிறீர்கள். சாரல் ஊரில் ஐம்பது வயதான ஒரு லென்ஸ் புதுக் கண்ணாடியாகப் பளிச்சிடுகிறதென்றால் அது உங்கள் வீட்டில்தான்.

உங்கள் அறிவும் பெரிது. 1936இல் டிரெஸ்டனில் வந்த கினே எக்ஸாக்டாவில் தொடங்கி, 1952இல் ஜப்பானின் முதல் 35 மி.மீ. எஸ்.எல்.ஆராக வந்த அசாஹிஃபிளெக்ஸ், 1959இன் நிக்கான் எஃப், 1964இன் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், 1966இன் மினோல்டா எஸ்.ஆர்.டி. 101, 1976இன் கேனன் ஏஇ-1, 1982இல் நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தோடு வந்த நிக்கான் எஃப்எம்2 என்று வரிசை பிசகாமல் சொல்வீர்கள். உடலில் பொறித்த எண்ணைப் பார்த்தே எந்த ஆண்டில் செய்தது என்பீர்கள். ரஷ்ய ஜெனித் எது, கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா எது என்று ஷட்டர் ஓசையைக் கேட்டே பிரித்துவிடுவீர்கள். ஷட்டர் ஓசையை நீங்கள் கேட்பதும் அரிது. அழுத்தினால் தேயுமே என்று அதையும் தவிர்க்கிறீர்கள்.

உங்கள் கேமராவின் மேனியைப் பற்றிச் சொல்லியே தீர வேண்டும். கறுப்புப் பூச்சில் ஒரு கீறல் இல்லை. மேல்மூடியில் ஒரு நெளிவு இல்லை. தோலுறை வாங்கிய அன்றைய மினுக்கோடு இருக்கிறது. வார் மடிப்புக்கூடக் கலையவில்லை. இந்த ஊர்களில் ஸ்டூடியோ வைத்துப் பிழைத்தவர்களின் கேமராக்களோ அப்படி இல்லை. விரல் படும் இடமெல்லாம் கறுப்பு உதிர்ந்து பித்தளை தெரியும். பிய்ந்த தோலைச் சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷன் தடவி ஒட்டியிருப்பார்கள். அறுந்த வாரைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்திருப்பார்கள். லென்ஸ் முன்னால் மாட்டிய வடிகண்ணாடி குற்றாலப் பேரருவித் தண்ணீர் பட்டுப் பட்டு, வேட்டி நுனியால் துடைபட்டுத் துடைபட்டு மங்கியிருக்கும். கடையநல்லூரில் கல்யாணம், சுரண்டையில் சடங்கு, பாவூர்சத்திரத்தில் ஒரு பெரியவரைக் கடைசியாக நாற்காலியில் சாய்த்துவைத்துச் சுற்றிலும் பிள்ளைகள் நின்று எடுத்துக்கொண்ட படம் என்று ஒரே நாளில் மூன்று ஊருக்குப் பஸ்ஸில் போய் வந்த கேமராக்கள் அவை. சீசனில் அருவிக்கரையில் கழுத்தில் தொங்கி, ஈரத்தலையோடு நிற்கும் குடும்பங்களை எடுத்து, விலாசம் வாங்கிக்கொண்டு படத்தைத் தபாலில் அனுப்பியவையும் உண்டு. அவற்றுக்கு உங்கள் சந்தையில் விலை இல்லை. ‘பாடி ரொம்பத் தேஞ்சிருக்கு’ என்று ஒதுக்கிவிடுவீர்கள். உங்கள் கணிப்பு சரிதான். அவை தேய்ந்துதான் போயின.

தேய்ந்ததற்கு இன்னொரு சாட்சி உண்டு. நம் திருநெல்வேலிக்காரர்தான் அவர். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்தவர். இந்தியக் காட்டுயிர்களைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதியவர், படம் எடுத்தவர். அவர் கேமராவை நீங்கள் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பீர்கள். ஒரு கம்பெனியின் உடல், வேறொரு கம்பெனியின் தொலைலென்ஸ், இடையில் அவரே செய்து கோத்த துண்டுகள். மூங்கில் சிம்பும் கயிறும்கூட அதில் இருந்திருக்கலாம் என்று அவரோடு காட்டுக்குப் போன நண்பரும் இயற்கையியலாளருமான ஈ. ஆர். சி. டேவிதார் எழுதியிருக்கிறார். ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார் கிருஷ்ணன். ஏலத்தில் விட்டால் எந்த மாடல் என்று தலைப்புப் போடக்கூட முடியாத பொருள். அதை வைத்துக்கொண்டுதான் அவர் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவர் 1996இல் மறைந்தார். பத்து ஆண்டு கழித்து, 2006இல், அந்தப் படங்களும் எழுத்தும் சேர்ந்து பெரிய நூலாக வந்தன. அந்தக் கேமராவுக்கு விலை வைக்க முடியாது. அது எடுத்த யானைகள் இன்றைக்கும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

உங்கள் கேமராக்கள் எந்த யானையையும் பார்த்ததில்லை. பேரருவியை? அதுவும் அலமாரிக் கண்ணாடி வழியாகத் தெரியாது. பேரருவிக்கு என்ன எக்ஸ்போஷர் வைப்பது என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தவும் நான் விரும்பவில்லை. ஆனாலும் இந்த ஊரில் கேமரா வைத்திருக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பழைய கேமராவின் ஒளிமானி, முன்னால் இருப்பது எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். வெள்ளையாக விழும் தண்ணீர் சட்டத்தை அடைத்து நின்றால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று சொல்லி ஒளியைக் குறைக்கச் சொல்லும். அதை நம்பினால் அருவி அழுக்குச் சாம்பலாக வரும், கீழே நிற்கும் ஆட்கள் கரியாக இருப்பார்கள். ஒரு ஸ்டாப், தேவைப்பட்டால் ஒன்றரை ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும். வேகம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வைத்தால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நிற்கும். பதினைந்தில் ஒரு பங்குக்கு இறக்கி, பாறையில் கேமராவை அழுத்தி வைத்து எடுத்தால் தண்ணீர் ஒரே ஓட்டமாக விழும். சாரல் நாளில் நூறு ஐ.எஸ்.ஓ. பிலிம் காணாது, நானூறு வேண்டும். அருவிக்கரைப் போட்டோக்காரர்கள் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு ரோல் வீணானால் அன்றைய கூலி போயிற்று என்ற நிலையில் கற்றுக்கொண்டார்கள். உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. உங்களால் ஒரு ரோல் பிலிமும் வீணானதில்லை.

இனி இயந்திரத்தைப் பற்றி. கை படாமல் காப்பதே சிறந்த காவல் என்பது உங்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் பலனை ஷட்டர்கள் அனுபவிக்கின்றன. பென்டாக்ஸ் கே1000இலும் ஸ்பாட்மேட்டிக்கிலும் ஷட்டர் என்பது ரப்பர் பூசிய இரண்டு துணித்திரைகள். அவற்றைச் சுருள்வில்லும் பற்சக்கரங்களும் ஓட்டுகின்றன. சக்கரங்களுக்கு இட்ட மசகு, ஓடிக்கொண்டிருக்கும்வரை மசகாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் அசையாமல் விட்டால் கெட்டிப்பட்டுப் பசையாகிவிடும். முதலில் போவது மெதுவான வேகங்கள்தான். ஒரு நொடி என்று வைத்தால் திரை பாதியில் நின்றுவிடும். கண்ணாடி வந்து மோதும் இடத்திலும் பின்கதவின் விளிம்பிலும் ஒட்டியிருக்கும் பஞ்சு இருபது முப்பது ஆண்டில் கறுப்புப் பிசினாகக் கரைந்து பிலிம் ஓடும் பாதையில் ஒழுகும். பெட்டிக்குள் மறந்துவிட்ட பேட்டரி கசிந்து செம்பைப் பச்சையாக்கும். வாரம் ஒரு முறை எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட்டி, மாதம் ஒரு ரோலாவது போட்டு எடுத்தால் இவற்றில் பாதி வராது. வந்தாலும் உடனே தெரியும். உலர்பெட்டிக்குள் இருந்தால் தெரியவே தெரியாது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கேமரா முழு நலத்தோடு இருக்கும். அந்தத் தோற்றத்தை உங்களைப் போல் யாரும் காத்ததில்லை.

கே1000 பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். 1976இல் வந்து 1997 வரை விற்ற கேமரா அது. ஒளிமானிக்கு மட்டும்தான் பேட்டரி. பேட்டரி செத்தாலும் எல்லா வேகமும் ஓடும். தானாகச் செய்வது எதுவும் கிடையாது, எல்லாவற்றையும் எடுப்பவரே தீர்மானிக்க வேண்டும். அதனால்தான் உலகெங்கும் போட்டோ வகுப்புகளில் மாணவர் கையில் முதலில் கொடுக்கப்பட்டது. விலை குறைவு, உழைப்பு அதிகம். கற்றுக்கொள்கிறவனுக்காகச் செய்த அந்தக் கேமராவை ஒருவரே ஐந்து வைத்திருப்பதை உங்களிடம் மட்டுமே காண முடியும். தென்காசியிலோ பாளையங்கோட்டையிலோ காட்சித்தொடர்பு படிக்கிற ஒரு பிள்ளைக்கு இன்று ஒன்று வேண்டுமென்றால், நீங்கள் ஏற்றிவைத்த விலையைப் பார்த்துத் திரும்பிவிடுவான். பிலிம், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்ந்து ஒரு ரோலுக்கே ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிற காலம். அதற்கு மேல் கேமராவுக்கும் அவன் எங்கே போவான்? ஆசைப்பட்டவன் கையில் அகப்படாமல் காப்பதும் ஒரு காவல்தான்.

இப்போது உங்கள் பெருமைகளில் ஆகப் பெரியதற்கு வருகிறேன்.

ஒரு ஸ்டூடியோ மூடப்படுகிறது என்ற சேதி காதில் விழுந்ததும் முதலில் போய் நிற்பவர் நீங்கள். பெரியவர் இறந்து பதினாறு முடிந்த மறுநாளே போய்விடுவீர்கள். பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள், கடையைக் காலி செய்ய வேண்டும். நீங்கள் நியாயமான விலை கேட்பீர்கள், பேரம் நாகரிகமாக நடக்கும். இரண்டு எஸ்.எல்.ஆர்., மூன்று லென்ஸ், ஒரு பிளாஷ், மரத்தில் செய்த பழைய பிளேட் கேமரா, டார்க் ரூமில் இருந்த என்லார்ஜர், சிவப்பு பல்புகூட உங்கள் வண்டியில் ஏறிவிடும். பரண்மேல் இருக்கும் நெகட்டிவ் பெட்டிகளைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். ‘அது வேண்டாம் தம்பி, கேமரா மட்டும் போதும்’ என்பீர்கள். அடுத்தவர் வீட்டு முகங்கள் உங்களுக்கு எதற்கு? அந்தக் கண்ணியத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

பெட்டிகளின் கதி என்ன ஆயிற்று என்று நீங்கள் விசாரிப்பதில்லை. நான் சொல்கிறேன். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமாக நிற்பதே வெள்ளிதான். அதனால் எடைக்கு வாங்கிப் போய் வெள்ளி பிரித்துவிடுவார்கள். கலர் நெகட்டிவில் கழுவும்போதே வெள்ளி போய் சாயம் மட்டும் மிஞ்சுகிறது, அதை எடைக்கும் எடுக்க மாட்டார்கள், நேராகக் குப்பைக்குப் போகும். அதற்கும் முந்திய கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிவிட்டுப் படச்சட்டத்துக்குக் கண்ணாடியாகப் போட்டிருக்கிறார்கள். யாரும் தொடாமல் பரணிலேயே கிடந்தவற்றை ஓட்டுச் சூடும் சாரல் ஈரமும் தின்கின்றன. அசிட்டேட் பிலிம் கெடத் தொடங்கினால் பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கும். பிறகு பிலிம் சுருங்கி மேல்படலம் வரிவரியாகத் தூக்கிக்கொள்ளும். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

அந்தப் பெட்டிகளில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் பிளந்த மொட்டைக் கோபுரமாக நின்றது. 1990இல்தான் ஒன்பது நிலையோடு எழுந்து குடமுழுக்குக் கண்டது. கோபுரம் பிளந்து நின்றதையும் சாரம் கட்டி எழுந்ததையும் கண்ட கேமரா எல்லாம் பிலிம் கேமராதான். கொல்லம் ரயில்பாதையில் 1904 முதல் ஓடிய மீட்டர் கேஜ் ரயில், செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 2010இல் நின்றது. 2018இல் அகல ரயில் வந்தது. பழைய ரயிலில் கேரளத்துக்குப் போன பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் கூட்டங்களின் முகங்கள் எத்தனை! 1992 நவம்பரில் தாமிரபரணிக் கரையைப் புரட்டிப்போட்ட வெள்ளம், அதற்கு முந்திய குற்றாலக் கடைத்தெரு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு வரிசையில் நின்றவர்கள், பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள், ஸ்டூடியோவில் வரைந்த மாடிப்படித் திரைக்கு முன்னால் முதல் முறையாகச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற ஒரு கூலிக்காரர். பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுவாக இருக்கும். வீட்டில் இருந்த பிரதி கறையான் அரித்துப் போயிருக்கும். நெகட்டிவ் ஒன்றுதான் மிச்சம்.

நாம் இருப்பது எந்த ஊர் என்பதையும் நினைக்க வேண்டும். நடராசரின் ஐந்து சபைகளில் குற்றாலத்தில் இருப்பது சித்திர சபை. மற்ற சபைகளில் திருமேனியாக ஆடுகிறவர் இங்கே சுவரில் சித்திரமாக ஆடுகிறார், அந்தச் சித்திரத்துக்குத்தான் பூசை. தீட்டிய தூரிகைக்குப் பூசை நடப்பதில்லை. உங்கள் அலமாரியில் நடப்பது தூரிகைப் பூசை. சுவர் மழையில் கரைகிறது. இனியும் இதைப் பாராட்டாகச் சொல்லிக்கொண்டு போக எனக்கு மனமில்லை.

பழைய கேமராவின்மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. வியூஃபைண்டருக்குள் பிம்பம் கலங்கி, வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒரு முகம் கூர்மையாகத் திரண்டு வரும் அந்தக் கணத்துக்கு ஈடான இன்பம் புதுக் கேமராக்களில் எனக்குக் கிடைத்ததில்லை. முப்பத்தாறு படம்தான் என்பதால் வரும் நிதானமும், கழுவி வரும்வரை தெரியாது என்ற பதைப்பும் படம் எடுக்கிறவரைத் திருத்துகின்றன. அதனால்தான் அலமாரியில் அவற்றைப் பார்க்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. உங்களிடம் இருப்பதெல்லாம் படம் எடுப்பதற்குத் தேவையானவை. பணமும் பொறுமையும் அறிவும்கூட இருக்கின்றன. ஈரத்திலிருந்து ஒரு பொருளை எப்படிக் காப்பது என்று இந்த வட்டாரத்தில் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. உலர்பெட்டியின் நாற்பது ஐம்பது விழுக்காடு லென்ஸுக்கு மட்டுமா நல்லது? நெகட்டிவுக்கும் அதுதான் நல்லது.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் மிஞ்சிய பழைய படங்களைத் தேடி எண்ணிமப் பிரதி எடுத்துச் சேமித்திருக்கிறார்கள். அவர்கள் போகாத தெருக்கள் இங்கே ஏராளம். அந்தத் தெருக்களை அறிந்தவர் நீங்கள். எந்த ஸ்டூடியோ எப்போது மூடியது, யார் வீட்டுப் பரணில் பெட்டி இருக்கிறது என்பது உங்கள் விரல்நுனியில் இருக்கிறது. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் அது பழுதுபட்டால் செப்பனிடுகிறவர்களின் அடியில் தான் விழுந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். கட்டியவனே காப்பவன் காலில் விழுந்த ஊர் இது.

ஆகவே உங்களிடம் நேராகவே கேட்கிறேன். அலமாரியில் இருப்பவற்றில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு, வாங்கிய விலைக்கே கொடுங்கள். வைத்துக்கொண்டவற்றில் பிலிம் போடுங்கள். அடுத்த ஸ்டூடியோவுக்கு விலை பேசப் போகும்போது முதலில் நெகட்டிவ் பெட்டியைக் கேளுங்கள், கேமராவை அப்புறம் பேசலாம். நெகட்டிவ்களைத் தண்ணீரில் கழுவாதீர்கள், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டாதீர்கள். அமிலமில்லாத காகித உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, பெரியவரின் குடும்பத்தாரையோ பழைய உதவியாளரையோ உட்காரவைத்து முகம் தெரிந்தவரை பெயரும் ஊரும் எழுதிக்கொள்ளுங்கள். ஒளிப்பலகை மேல் நெகட்டிவை வைத்து, உங்களிடம் சும்மா கிடக்கும் மேக்ரோ லென்ஸாலேயே பிரதி எடுத்துவிடலாம். யாருடைய படம் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்கு ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டாரின் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள். வினிகர் நெடி வரத் தொடங்கிய பெட்டிகளை முதலில் எடுங்கள், அவற்றுக்கு அவகாசம் குறைவு.